முப்பிடாதி மூச்சு

ரயில் இந்தப் பக்கம் எட்டிப் பார்க்காத காலம். ஊருக்கு ஊர் நடந்தே போன காலம். தாமிரவருணித் தண்ணீர் வாய்க்கால் வழியாக ஏழெட்டு ஊரைக் கடந்து, களைத்துப் போய், கடைசியாக வந்து சேர்கிற ஊர் ஒன்று இருந்ததாம். கருங்காட்டுக்குளம் என்று பேர். அந்தக் கருங்காட்டுக்குளத்தில் முப்பிடாதி என்று ஒரு பெண் இருந்தாளாம்.

அவளுக்கு நிலம் இல்லை. பிள்ளை இல்லை. புருஷன் இருந்தான், இருந்தான் என்பதற்கு மேல் அவனைப் பற்றிக் கதையில் ஒன்றும் இல்லை. அவளிடம் இருந்தது ஒன்றே ஒன்று. குரல். எப்பேர்ப்பட்ட குரல்? மேலப்பத்து வயலில் நின்று அவள் வாயைத் திறந்தால், கீழப்பத்தில் உழுகிற மாடு காதைத் திருப்புமாம். அப்பேர்ப்பட்ட குரல்.

அந்தக் காலத்துப் பெண்களின் பொழுது எப்படி என்று கேட்டுக்கொள்ளுங்கள். கோழி கூப்பிட ஒருத்தி எழுந்திருப்பாள். ஓடைமணலில் ஊற்றுத் தோண்டி, ஊறி வருகிறவரை காத்திருந்து, சிரட்டையால் கோரிக் குடத்தை நிரப்புவாள். கம்பைக் குத்துவாள். புடைப்பாள். கஞ்சி காய்ச்சிப் புருஷனுக்கு ஒரு கலயம், மாமியாருக்கு ஒரு கலயம் என்று ஊற்றி வைத்து, அடியில் நின்றதைத் தனக்குத் தூக்குச்சட்டியில் எடுப்பாள். பிள்ளைக்காரி என்றால் பிள்ளையை இடுப்பில் வைப்பாள். பழஞ்சேலை ஒன்றைத் தோளில் போடுவாள். அது எதற்கு? தொட்டில் கட்ட. இவ்வளவும் முடித்து வயலில் கால் வைக்கும்போது கிழக்கு அப்போதுதான் வெளுக்கும். அதன்பிறகுதான் வேலையே தொடங்கும்.

பிசானப் பருவத்து நெல் நடுவை என்றால் இருபத்திரண்டு பெண்கள் வரிசையாக நிற்பார்கள். ஆளுக்கு ஒரு நிரை. குனிந்தபடியே நாற்றை ஊன்றி ஊன்றிப் பின்னாலேயே நகர வேண்டும். ஒருத்தி முந்தக் கூடாது, ஒருத்தி பிந்தக் கூடாது. இருபத்திரண்டு கையையும் ஒரு கையாக்குகிறது எது? பாட்டு. தலைநிரையில் நிற்கிறவள் அடி எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள். அவள் பாட்டை வேகமாக்கினால் கை வேகமாகும். அவள் இழுத்துப் பாடினால் கை நிதானமாகும். முப்பிடாதிதான் தலைநிரை. பதினான்கு வருஷமாக அவள்தான் தலைநிரை.

பண்ணைக்குக் காரியஸ்தர் சங்குமுத்து என்பவர். கெட்டவர் என்று சொல்ல முடியாது. பயந்தவர். பண்ணையாருக்குப் பயம், அதைவிடத் தண்ணீர் முறைக்குப் பயம். கடைசி மடை ஊர் அல்லவா. மேலே உள்ளவர்கள் எல்லாம் எடுத்தது போக எட்டே எட்டு நாள் தண்ணீர் வரும். அதற்குள் நடுவை முடியவில்லை என்றால் அந்த வருஷம் வெறும் வயல்தான். ஆகவே அவர் ஒரு சட்டம் போட்டிருந்தாராம். கீழ்வரப்பில் ஓர் இலுப்பை மரம். அதன் நிழல் சுருங்கிச் சுருங்கி மரத்தடிக்கே வருகிறவரை, அதாவது உச்சிப்பொழுது வரை, ஒருத்தியும் வரப்பேறக் கூடாது. ஒருத்தி ஏறினால் அவள் நிரை நொண்டும். ஒரு நிரை நொண்டினால் நடுவையே நொண்டும்.

தொட்டில்கள் எல்லாம் அந்த இலுப்பையில்தான் தொங்கும். அந்த வருஷம் எட்டுத் தொட்டில். விடியலில் பால் கொடுத்துப் போட்டால் உச்சிக்குத்தான் மறுபடி தாய்முகம். அதுவரை? அதற்குத்தான் பாட்டு என்று நம்பினார்கள். முப்பிடாதி பாடினால் பிள்ளை உறங்கும் என்று ஊரே நம்பியது. காரியஸ்தரும் அதையே சொல்வாராம்.

"நல்லா எடுத்துப் பாடு, முப்பிடாதி. ஒன் சத்தத்துலதான் பிள்ளைக கண்ணசருது."

முப்பிடாதிக்கும் அதில் ஒரு பெருமை. வயிற்றில் ஒன்றும் தங்காதவள். ஆனால் ஊர்ப்பிள்ளை எட்டும் தன் குரலில் உறங்குகிறது என்றால் சும்மாவா? தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்துக்கொண்டு பாடுவாளாம்.

*கிழக்கே வெளுத்தாச்சு, கீழமடை தொறந்தாச்சு,*
*நாத்து முடியெடுத்து நடுநிரைக்கு வந்தாச்சு,*
*வந்த காலு வலிக்கலையோ, வளையல்கையி ஓயலையோ.*

அந்த வருஷம் புதிதாக ஒருத்தி நடுவைக்கு வந்தாள். பரமாயி. முப்பிடாதி வீட்டுக்கு மூன்றாம் வீட்டு மருமகள். பெற்ற பிள்ளைகளில் முதல் இரண்டும் பிறந்த சூட்டிலேயே போய்விட, மூன்றாவதாக ஒரு பெண்பிள்ளை தங்கியிருந்தது. பிறந்து ஐம்பது நாள்கூட ஆகவில்லை. பேர்கூட வைக்கவில்லை, வைத்தால் போய்விடும் என்று பயம். பிந்தி வந்தவள் என்பதால் இலுப்பையில் அவளுக்குக் கிழக்குக் கொப்புதான் கிடைத்தது. தொட்டிலைக் கட்டிவிட்டு வயலில் இறங்கினாள். முப்பிடாதிக்கு அடுத்த நிரை அவளுக்கு.

புரட்டாசி வெயில். பொழுது ஏற ஏறப் பரமாயியின் மாராப்பு நனைந்தது. தண்ணீரில் இல்லை, பாலில். அவள் குனிந்தபடியே மெதுவாகச் சொன்னாளாம்.

"மதினி, என் பிள்ள அழுதாப்ல இருக்கு."

"அழலட்டி. அது கொக்குச் சத்தம்."

"கொக்கு இப்பிடியா கத்தும்?"

"ஏட்டி, என் பாட்டுக்கு ஒறங்காத பிள்ள இந்த ஊர்ல இன்னும் பொறக்கல. நீ நாத்த ஊணு."

சொல்லிவிட்டு முப்பிடாதி இன்னும் ஒரு கட்டை ஏற்றிப் பாடினாள். மற்றவர்களும் ஏற்றிப் பாடினார்கள். வயலே அதிர்ந்ததாம். அன்றைக்குப் பாடின மாதிரி அவள் என்றைக்கும் பாடியதில்லை என்று சொல்வார்கள்.

உச்சிப்பொழுது வந்தது. நிழல் மரத்தடிக்கு வந்தது. பெண்கள் வரப்பேறினார்கள். பரமாயி ஓடினாள். முப்பிடாதி கை கழுவிக்கொண்டு பின்னாலேயே போனாள். கிழக்குக் கொப்பில் காலையில் இருந்து வெயில் நேராக விழுந்திருக்கிறது. தொட்டில் துணி அனலாய்க் கிடந்தது. விலக்கிப் பார்த்தால், பிள்ளை உறங்கவில்லை. வாய் திறந்திருந்தது. முகம் கோணியிருந்தது. கால் உதைத்துக்கொண்டிருந்தது. அழுதுகொண்டுதான் இருந்தது. சத்தம் மட்டும் இல்லை. அழுது அழுது தொண்டை செத்துப் போயிருந்தது.

பரமாயி அதை அள்ளி மாரில் வைத்தாள். உறிஞ்சத் தெம்பு இல்லை. பாலைப் பிழிந்து உதட்டில் விட்டாள். ஒரு சொட்டு இறங்கியது, ஒரு சொட்டு வழிந்தது. முப்பிடாதி பக்கத்தில் நின்றாள். பரமாயி ஏசவில்லை. நிமிர்ந்து ஒரே ஒரு வார்த்தை சொன்னாளாம்.

"ஒங்க பாட்டு நல்லாத்தான் இருந்துச்சு, மதினி."

அவ்வளவுதான். அந்த ஒரு வார்த்தை போதும், முப்பிடாதிக்குக் கஞ்சி இறங்கவில்லை. பதினான்கு வருஷம். எத்தனை தொட்டில்? எத்தனை பிள்ளை? எல்லாம் உறங்கியது என்று நினைத்தாளே, ஒன்றாவது உறங்கியதா? உறங்கின பிள்ளையின் கண்ணோரத்தில் உப்புப் படிந்து கிடப்பதை எத்தனை தடவை பார்த்திருக்கிறாள். வேர்வை என்றுதானே நினைத்தாள்.

அன்றைக்குப் பொழுது சாய்கிற நேரத்தில், கறந்த ஆட்டுப்பாலோடு பரமாயி வீட்டு வாசலில் போய் நின்றாள். பிள்ளை மடியில் கிடந்தது. மூச்சு இருந்தது. சத்தம் இல்லை.

"பாலு குடிக்காளா?"

"கொஞ்சம் குடிக்கா. அழுதா தெரியமாட்டேங்கு மதினி. வாயப் பாத்துக்கிட்டே இருக்க வேண்டியிருக்கு."

"நாளைக்கு நடுவைக்கு வராத."

"வராம இருந்தா நாளக்கழிச்சி என் நிரையில வேற ஆள் நிக்கும். பொறவு அறுப்புக்கும் கூப்பிட மாட்டாக. இது பொழச்சா இதுக்குக் கஞ்சி வேணாமா?"

முப்பிடாதி பால்செம்பை வைத்துவிட்டு வந்துவிட்டாள்.

மறுநாள். ஒரு கோட்டை நெல் விதைக்கிற அளவு வயல், அத்தனையும் அன்றைக்கே முடிந்தாக வேண்டும். பிடுங்கின நாற்று முடிமுடியாகக் கட்டி வைத்தபடி வரப்பில் காத்திருக்கிறது. கிழக்குக் கொப்புத் தொட்டிலுக்கு மேலே ஒரு பழஞ்சேலையை நிழலுக்கு விரித்துக் கட்டிவிட்டுப் பரமாயியும் வந்தாள். இருபத்திரண்டு பேரும் இறங்கினார்கள். காரியஸ்தர் தாழங்குடையை விரித்துக்கொண்டு வரப்பில் நின்றார்.

"ம். எடு பாட்டை."

முப்பிடாதி எடுத்தாள். ஓர் அடி பாடினாள். இரண்டாம் அடி பாடினாள். மூன்றாம் அடி பாடினாள். நிறுத்திவிட்டாள்.

பாட்டு நின்றதும் கை நின்றது. இருபத்திரண்டு கையும் நின்றது. நாற்றைப் பிடித்தபடி அப்படியே அந்தரத்தில் நின்றது. பாட்டு இல்லாத வயலை அந்தப் பெண்கள் அதற்குமுன் கேட்டதே இல்லை. வாய்க்கால் ஓடுகிற சத்தம் கேட்டது. அப்புறம் அது கேட்டது. இலுப்பை மரம் அழுதது. ஒரு பிள்ளை இல்லை, இரண்டு பிள்ளை இல்லை. ஒன்று வீறிட்டது, ஒன்று விசும்பியது, ஒன்று இழுத்து இழுத்து அடங்கியது. ஒவ்வொருத்தியும் தன் பிள்ளைக் குரலைத் தனியாகப் பிரித்துக் கேட்டாள். பெற்றவளுக்குத் தெரியாதா?

காரியஸ்தர் குடையை மடக்கினார். "ஏளா, ஏன் நிப்பாட்டிட்ட?"

"கேக்கேன், ஐயா."

"என்னத்தக் கேக்க?"

"ஒங்களுக்குக் கேக்கலையா?"

அவருக்கும் கேட்டது. கேட்காமல் என்ன? முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"பிள்ளைன்னா அழத்தான் செய்யும். நீ பாடுனா ஒறங்கிரும்."

"ஒறங்கல, ஐயா. என் பாட்டுல நமக்குத்தான் காது அடச்சிருச்சு. பதினாலு வருசமா நான் பிள்ளைய ஒறங்க வைக்கல, பெத்தவளத்தான் ஒறங்க வச்சிருக்கேன்."

"நீ பாடலன்னா பாட ஆளா இல்ல? ஏ உச்சிமாளி, நீ எடு."

உச்சிமாளி கடைசி நிரைக்காரி. வாய்த்துடுக்கு. அவள் குரல் எப்படி என்றால், உடைந்த அண்டாவைக் கல்லில் உருட்டினாற்போல் இருக்கும். அது காரியஸ்தருக்குத் தெரியாது.

"நானா ஐயா? எடுத்துட்டாப் போச்சு." என்று முதல் அடியை ஓட்டமாக ஓட்டினாள். இரண்டாம் அடியைச் சவ்வாக இழுத்தாள். மூன்றாம் அடியில் இருமினாள். அவள் பாட்டுக்கு நட்ட நிரை ஆடு மேய்ந்த காடு மாதிரி கோணலும் மாணலுமாய்ப் போனது. நாற்றுக்கட்டுச் சுமந்து வந்த ஆண்கள் வரப்பில் நின்று சிரித்தார்கள்.

"போதும் தாயி, போதும்."

"இன்னும் நாலு அடி இருக்கே ஐயா. நல்லாருக்கும்."

"வாய மூடுதியா?"

காரியஸ்தர் கிழக்கே பார்த்தார். பொழுது பனை உயரம் ஏறிவிட்டது. நாற்று வாடுகிறது. முப்பிடாதி அப்போதுதான் நிமிர்ந்து சொன்னாளாம். நிமிர்ந்து என்றால், நடுவையில் ஒருத்தி இடுப்பை நிமிர்த்திக் காரியஸ்தர் முகத்தைப் பார்த்துப் பேசியது அந்த வயலில் அதுதான் முதல் தடவை.

"ஐயா, மூணு அடி பாடுவேன். ஒரு மூச்சு நிப்பேன். அந்த ஒரு மூச்சுல எந்தப் பிள்ள அழுதாலும் அவ ஆத்தா ஏறிப் போவா. அவ நிரைய ரெண்டு பக்கத்தவளும் பங்குபோட்டு நடுவோம். நிரை நொண்டாது. இன்னிக்குப் பொழுது அடையுததுக்குள்ள இந்த வயல் முடியலன்னா, தலைநிரையில வேற ஆள நிறுத்திக்கிடுங்க. நான் இந்த ஊர்ல எந்த வயல்லயும் பொறவு வாயத் தெறக்கல."

அவளிடம் இருந்தது குரல் ஒன்றுதான் என்று முதலிலேயே சொன்னோமே. அதைக் கொண்டுபோய் வரப்பில் வைத்துவிட்டாள்.

காரியஸ்தர் நாற்றைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார். "அடைஞ்சு ஒரு நாழிக ஆச்சுன்னாலும் ஒத்துக்கிட மாட்டேன்" என்றார்.

"ஒத்துக்கிட வேண்டாம்."

முப்பிடாதி பாடினாள். மூன்று அடி. ஒரு மூச்சு. அழுகை கேட்டது. "யக்கா, அது என் பிள்ள" என்று ஒருத்தி ஓடினாள். இரண்டு பக்கத்துக் கையும் நீண்டு அவள் நிரையில் நாற்றை ஊன்றின. மறுபடி மூன்று அடி. ஒரு மூச்சு. இன்னொருத்தி ஏறினாள். போனவள் பால் கொடுத்து, ஈரத்துணி மாற்றித் திரும்பி வந்து தன் நிரையைப் பார்த்தால் நிரை அவளுக்காகக் காத்திருக்கவில்லை, கூடவே நகர்ந்திருந்தது. வந்தவள் கை முன்னைவிட இரண்டு மடங்கு ஓடியது. மனசு வரப்பில் கிடந்தால் கை எப்படி ஓடும்? இப்போது மனசும் சேற்றுக்கு வந்துவிட்டது.

ஆனால் ஒருத்தி மட்டும் ஒவ்வொரு மூச்சுக்கும் நின்று நின்று கேட்டாள். ஒன்றும் கேட்கவில்லை. பரமாயி. அவள் பிள்ளைக்குத்தான் சத்தமே இல்லையே. எல்லாத் தாயும் ஏறிப் போக, அவள் மட்டும் நாற்றைப் பிடித்துக்கொண்டு இலுப்பையையே பார்த்து நின்றாள். முப்பிடாதி பார்த்தாள்.

"பரமாயி, நீ கேக்காத. ஒனக்குக் கேக்காது. நாலு மூச்சுக்கு ஒருக்க நீயாப் போ."

"என் நிரை மதினி?"

"ஒன் நிரை இனிமே என் நிரை. போட்டி."

இரண்டு நிரையை ஒருத்தி நடுவது லேசுப்பட்ட காரியமா? முப்பிடாதி நட்டாள். பாடிக்கொண்டே நட்டாள். உச்சிக்குக் கஞ்சி குடித்ததாக நினைவில்லை என்று பின்னால் சொன்னாளாம். சேற்றுப்புண் வெடித்து விரல் இடுக்கில் ரத்தம் வந்தது. குரல் அடைக்கத் தொடங்கியது. பொழுது இறங்கியது. கொக்குகள் அடைய வந்துவிட்டன. வயலில் இன்னும் ஒரு மூலை பாக்கி.

"மதினி, விடுங்க. நாங்க பாடுதோம்" என்றாள் உச்சிமாளி.

"நீ பாடுனா கொக்கு அடையாம ஓடிரும்ட்டி" என்றாள் முப்பிடாதி. அந்த நேரத்திலும் சிரித்தார்களாம். சிரித்த சிரிப்பில் மூன்று முடி நாற்று இறங்கியது.

பொழுதின் கடைசி விளிம்பு மலைக்குப் பின்னால் போய்க்கொண்டிருக்கிறது. கடைசி நாற்றைப் பரமாயி ஊன்றினாள். முடிந்தது. நடுவை முடிந்தால் நாக்கைச் சுழற்றிக் குரவை போடுவது வழக்கம். இருபத்தொரு பேரும் வாயில் கை வைத்தார்கள். முப்பிடாதி கையைத் தூக்கினாள்.

"இருங்கட்டி. கடைசியா ஒரு மூச்சு."

நின்றார்கள். தொட்டில் எட்டும் அமைதியாக இருந்தது. வயிறு நிறைந்த பிள்ளைகள். காரியஸ்தரும் வரப்பில் அசையாமல் நின்றார். தண்ணீர் மட்டும் மடையில் பேசிக்கொண்டிருந்தது. அப்போது கிழக்குக் கொப்பில் இருந்து ஒரு சத்தம். கரகரவென்று, பனைமட்டையில் கீறினாற்போல் ஒரு சத்தம். ஒரு தடவை விட்டது. மறுபடி வந்தது. அதற்கப்புறம் வீறிட்டது.

பரமாயி சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டாள். "மதினி, என் பிள்ள அழுவுது" என்றாளாம்.

ஒரு பிள்ளை அழுததைக் கேட்டு இருபத்திரண்டு பெண்கள் சிரித்தது அன்றைக்குத்தான். அதன்பிறகு போட்டார்கள் குரவை. ஏழு ஊருக்குக் கேட்டது அந்தக் குரவை. முப்பிடாதிக்கு மட்டும் குரவை வரவில்லை. குரல் முழுக்கப் போய்விட்டது. சேற்றுக் கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

காரியஸ்தர் வரப்போடு நடந்து நிரையைப் பார்த்தார். நூல் பிடித்தாற்போல் இருந்தது. உச்சிமாளி பாட்டுக்கு நட்ட இடம் மட்டும் கோணல். "நாளைக்கு மேலப்பத்து. விடியமுன்ன வந்துருங்க" என்று நடந்தார். பத்தடி போய்த் திரும்பினார்.

"ஏளா முப்பிடாதி. அந்தக் கிழக்குக் கொப்புல வெயில் அடிக்கும் போலிருக்கு. ஓலை வேஞ்சு ஒரு பந்தல் போடச் சொல்லுதேன்."

"ஐயாவுக்கும் காது தெறந்துட்டு" என்றாள் உச்சிமாளி.

அதற்கப்புறம் முப்பிடாதி இருபது வருஷம் தலைநிரையில் நின்றாள். அந்தப் பெண்பிள்ளை பிழைத்துக்கொண்டது. வளர்ந்து, கரகரத்த குரலோடேயே, முப்பிடாதிக்குப் பிறகு தலைநிரைக்கு வந்தது. அந்த வம்சத்துப் பெண்களுக்கு இன்றைக்கும் குரல் கரகரவென்றுதான் இருக்கும். கேட்டால் தலையை ஒரு சாய்ப்புச் சாய்த்துக்கொண்டு, "முப்பிடாதி எங்க பூட்டி" என்பார்கள். மற்ற ஏழு தொட்டில் வீட்டுக்காரர்களும் அப்படியே சொல்வார்கள். எங்க பூட்டி, உங்க பூட்டி என்று கல்யாண வீட்டில் சண்டைகூட நடந்திருக்கிறது. பிள்ளையே பெறாதவளுக்கு எட்டு வீட்டில் பேரன் பேத்தி.

அந்த வயலுக்குத் தொட்டில்பத்து என்று பேர் வந்தது. பத்து என்றால் வயல். கருங்காட்டுக்குளத்து நடுவையில் மூன்று அடிக்கு ஒருதரம் பாட்டு நிற்கும். அந்த நிற்றலுக்கு முப்பிடாதி மூச்சு என்று பேர். வெளியூர்க்காரர்கள் பாட்டு மறந்துவிட்டது என்று நினைப்பார்கள்.

இப்போது நடுவதற்கு இயந்திரம் வந்துவிட்டது. போன பிசானத்தில் ஆத்தூர்ப் பக்கத்தில் இருந்து ஒரு டிரைவர் வந்தாராம். மூன்று சுற்று ஓடியதும் வரப்பில் நின்ற பெண்கள் கையைக் காட்டி எஞ்சினை நிறுத்தச் சொன்னார்கள். நிறுத்தினார். எல்லாரும் பேசாமல் நின்றார்கள். இலுப்பை மரத்தில் தொட்டில்கூட ஒன்றும் இல்லை.

"என்னக்கா, எதுக்கு நிறுத்தச் சொன்னீங்க?"

"கேக்கதுக்கு."

அவரும் காது கொடுத்துக் கேட்டார்.

"ஒண்ணும் கேக்கலையே."

"கேக்கலைல்ல? அப்ப ஓட்டுங்க" என்றாளாம் ஒருத்தி, கரகரத்த குரலில்.